என் வகுப்பை அவள் எடுத்த மாதம்

ஜனவரி 5, திங்கள்

எனக்கு டைரி எழுதும் பழக்கமெல்லாம் கிடையாது. உரக்கடைக்காரர் வருடாவருடம் கொடுக்கிற டைரியில் என் வீட்டுக்காரி செண்பகம் கோலம் போட்டுப் பார்ப்பாள். இந்த வருடம் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். மதுரையில் தொண்டை டாக்டர் குழாயை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, குரல்நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, ஒரு மாதத்துக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று சொல்லிவிட்டார். கிசுகிசுக்கவும் கூடாதாம். அது இன்னும் கெடுதலாம்.

"இருபத்து மூணு வருஷமா கத்தியிருக்கீங்க சார். தொண்டை என்ன இரும்பா?" என்றார்.

நான் என்றைக்குக் கத்தினேன்? டிக்டேஷன் கொடுத்தேன். கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி கொடுத்தேன். பொருளியல் ஆசிரியர் தவசிலிங்கம் என்றால் அருப்புக்கோட்டையில் பஸ் கண்டக்டருக்குக்கூடத் தெரியும். இதை டாக்டரிடம் சொல்ல வாயைத் திறந்தேன். "உஷ்" என்றார், பச்சைப் பிள்ளையை அதட்டுகிற மாதிரி.

பேச முடியாதவன் யாரைத் திட்டுவான்? அதனால்தான் இந்த டைரி.

ஜனவரி 6, செவ்வாய்

மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று. தலைமையாசிரியர் சீனிராஜ் போனில் செண்பகத்திடம் சொன்னாராம், வரலாற்று ஆசிரியர் என் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்த்துக்கொள்வார் என்று. உட்காரத்தான் முடியும். மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை.

ஜனவரி பிறந்துவிட்டால் கலைப் பிரிவுப் பிள்ளைகள் சாயங்காலம் என் வீட்டுக்கு வருவார்கள். முன் அறையில் பாய் விரித்து ரிவிஷன் நடக்கும். ஒரு பைசா வாங்குவதில்லை. ஒரு வருடமும் நின்றதில்லை. இந்த வருடம் என்ன செய்வது என்று யோசித்து, கடைசியில் பக்கத்து வீட்டுக் குழந்தையின் சிலேட்டை வாங்கி, செண்பகத்திடம் எழுதிக் காட்டினேன்: "என் நோட்ஸை வாசி. பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். வாசிக்க மட்டும்."

'மட்டும்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். செண்பகம் படித்தது தாவரவியல்.

ஜனவரி 7, புதன்

வாசிக்க மட்டும் என்றுதானே எழுதினேன்?

என் நோட்ஸ் சாதாரண நோட்ஸ் இல்லை. பக்கத்து ஊர்ப் பள்ளிகளிலும் ஜெராக்ஸ் எடுத்துப் படிக்கிறார்கள். "மற்றவை மாறாதிருக்கும் நிலையில், ஒரு பொருளின் விலை குறைந்தால் அதன் தேவை கூடும், விலை கூடினால் தேவை குறையும்." எழுதியதும் மனப்பாடம் ஆகிவிடும். அதை வாசித்தவள், அடுத்த வரிக்குப் போகாமல் நிமிர்ந்துவிட்டாள்.

"ஏம்மா காளீஸ்வரி, தலையில ஏன் கனகாம்பரம்? மல்லி வாங்கலையா?"

"பனியில மல்லி வரத்தே இல்லக்கா. விலை எக்கச்சக்கமா ஏறிக்கிடக்கு."

"ஆங். ஏறுனதும் விட்டுட்ட. அதான் இந்த விதி. சரி, தை பிறக்கட்டும். மொத முகூர்த்தத்துக்கு இதைவிட ஏறும். அன்னைக்கு ஊரே வாங்கும். அப்ப விதி பொய்யா?"

"கல்யாணத்துக்குப் பூ இல்லாம எப்படிக்கா?"

"அதேதான். அன்னைக்கு விலை மட்டும் மாறல, கல்யாணம்னு இன்னொன்னும் சேர்ந்து மாறிப்போச்சு. அதுக்குத்தான் சார் மொதல்லயே எழுதிவச்சிருக்கார், 'மற்றவை மாறாதிருக்கும் நிலையில்'னு. அது சும்மா அலங்காரத்துக்கு இல்ல."

பிள்ளைகள் எல்லோரும் "ஆ" என்றார்கள். நான் அந்த வரியை எத்தனையோ வருடமாகச் சொல்லிக் கொடுக்கிறேன். ஒருவன் 'ஆ' என்றதில்லை. கொட்டாவி விட்டிருக்கிறார்கள், அது வேறு. நான் மர ஸ்கேலால் நாற்காலிக் கையைத் தட்டினேன்.

"என்னங்க, தண்ணி வேணுமா?" என்றாள்.

எனக்குத் தண்ணீர் வேண்டாம். என் வகுப்பு வேண்டும்.

ஜனவரி 8, வியாழன்

கோயம்புத்தூரில் படிக்கிற மகன் போன் செய்தான். அவளோடுதான் பேசினான். அரைமணி நேரம்! பொருளியலைப் பற்றி!

ஜனவரி 9, வெள்ளி

இன்று வகுப்பு தொடங்கும் முன் ஒரு முறம் நிறையச் சின்ன வெங்காயத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். நான் ஸ்கேலால் தட்டிக்கொண்டே இருக்கிறேனாம், பிள்ளைகள் பயப்படுகிறார்களாம். கைக்கு ஒரு வேலை இருந்தால் நல்லதாம். நான் முதுகலை ஆசிரியர். உரித்தேன்.

பாடம், வாய்ப்புச் செலவு. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிட்ட மற்றொன்றின் மதிப்பு. இரண்டு வரி. வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டியதுதானே? இவள் காளீஸ்வரியைக் கேட்கிறாள், "நீ இப்ப இங்க வரலன்னா வீட்ல என்ன செஞ்சுக்கிட்டு இருப்ப?"

"அம்மாவுக்குத் தறிக்கு நூல் சுத்திக் குடுப்பேன்."

"அப்ப சார் காசு வாங்காட்டியும் இந்த வகுப்பு உனக்கு ஓசி இல்ல. அந்த நூல்தான் இதோட விலை. புரியுதா?"

பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். அந்தக் காளீஸ்வரி, வாய் சும்மா இருக்காதே, "உங்களுக்கு என்னக்கா வாய்ப்புச் செலவு?" என்று கேட்டுவைத்தாள்.

செண்பகம் சிரித்தாள். "எனக்கா? கல்யாணமான வருஷம் பி.எட்.டுக்கு சீட்டு வந்துச்சு. போகல. அடுத்த வரி எழுதிக்கோங்க."

நான் போகாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அப்போது என் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் இருந்தது. வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. அவ்வளவுதான். வெங்காயம் இன்று ரொம்பக் காரம்.

ஜனவரி 10, சனி

பிடித்தேன்! வசமாக மாட்டினாள்!

விலை ஏற ஏற ஜனங்கள் அதிகமாக வாங்குகிற பொருளுக்கு எடுத்துக்காட்டு சொல்கிறேன் என்று, பணக்காரர்கள் பெருமைக்கு வாங்கும் பட்டுப் புடவையைப் போய்க் கிஃபன் பொருள் என்று சொல்லிவிட்டாள். தப்பு. முழுத் தப்பு. கிஃபன் பொருள் என்றால் ஏழைகள் வயிற்றுக்குச் சாப்பிடுகிற மலிவான பொருள். வெங்காயத்தைத் தள்ளிவிட்டு எழுந்து, சிலேட்டில் கொட்டை எழுத்தில் "தவறு" என்று எழுதி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தேன்.

அவள் முகம் சுண்டிப்போகும் என்று பார்த்தேன். "சார் சொல்றதுதான் சரி. நான் மாத்திச் சொல்லிட்டேன். அடிச்சுட்டு எழுதிக்கோங்க" என்றாள் பிள்ளைகளிடம். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களே விளக்கிடுங்க" என்றாள்.

விளக்கினேன். சிலேட்டில் நாலு வரிதான் பிடிக்கும். எழுதுவேன், காட்டுவேன், அழிப்பேன், மறுபடி எழுதுவேன். மூன்றாவது சிலேட்டில் ஒருத்தன் சுவரில் சாய்ந்துவிட்டான். ஐந்தாவதில் காளீஸ்வரி கையைத் தூக்கி, "சார், மோட்டா அரிசி விலை ஏறுச்சுன்னா, காய்கறி வாங்குறதை நிறுத்திட்டு அரிசியையே கூட வாங்கி வயித்தை ரொப்புவோம், அதுதானே சார்?" என்றாள். அதுதான். நான் இன்னும் எட்டு சிலேட்டில் சொல்லவிருந்தது அதுதான்.

"பாத்தியா, சார் எழுதுனதும் டக்குனு புடிச்சுட்டா" என்று செண்பகம் அவளைத் தட்டிக்கொடுத்தாள்.

எப்படியோ, ஜெயித்தது நான்தான்.

ஜனவரி 12, திங்கள்

இன்று காளீஸ்வரி அவளை 'டீச்சர்' என்று கூப்பிட்டாள். அக்காவாக இருந்தவள் டீச்சர் ஆகிவிட்டாள். மற்ற பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள்.

நாளைக்கு ஒப்பீட்டுச் செலவுக் கோட்பாடு எடுக்கச் சொல்லி எழுதிக் காட்டினேன். ரெண்டு நாடு, ரெண்டு பொருள், அட்டவணை, கணக்கு. எம்.ஏ. படித்தவர்களே முழிப்பார்கள். அந்தப் பாடத்துக்கான நோட்ஸ் பீரோ மேலே இருக்கிறது. எங்கே என்று கேட்டாள். தோளைக் குலுக்கினேன். தொண்டைதான் போச்சு, தோளுக்கு என்ன?

ஜனவரி 13, செவ்வாய்

"சாரும் நானும் ரெண்டு நாடுன்னு வச்சுக்கோங்க" என்று ஆரம்பித்தாள்.

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போதே திக்கென்றது.

"சார் பாடமும் என்னைவிட நல்லா நடத்துவார். வெங்காயமும் என்னைவிட வேகமா உரிப்பார். எல்லாத்துலயும் சார்தான் கெட்டி. அப்ப நான் எதுக்கு? சும்மா உக்காந்திருக்கவா?"

"சாருக்கு இருக்குறது ஒரு சாயங்காலம்தானே டீச்சர். ரெண்டையும் அவரே செஞ்சா முடியுமா?"

"அப்படிச் சொல்லு. சார் எதுல என்னைவிட ரொம்ப ரொம்ப கெட்டியோ, அதை அவர் செய்யட்டும். எதுல நான் கொஞ்சமாத்தான் பின்தங்கியிருக்கேனோ, அதை நான் எடுத்துக்கறேன். ரெண்டு நாட்டுக்கும் லாபம். இதுக்குப் பேருதான் ஒப்பீட்டு நன்மை."

பின்னால் இருந்து ஒரு குரல், "சார் எதுல ரொம்ப கெட்டி டீச்சர்?"

எல்லாத் தலையும் என் முறத்தைத் திரும்பிப் பார்த்தன. அவ்வளவுதான். வீடு இடிந்துவிழுகிற மாதிரி சிரிப்பு. செண்பகமும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகிறது. நான் சிரிக்கவில்லை. டாக்டர் சிரிக்கக்கூடாது என்று சொல்லவில்லைதான்.

அதற்கப்புறம் அட்டவணையும் போட்டாள். நோட்ஸ் இல்லாமல். சரியாகவே போட்டாள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். வகுப்பு இல்லை. அப்பாடா என்றிருந்தேன். பதினோரு மணிக்குப் பிள்ளைகள் கரும்போடு வந்து நின்றார்கள். "டீச்சர் இல்லையா சார்?"

ஜனவரி 19, திங்கள்

என்ன நடந்ததோ அதை எழுதிவிடுகிறேன்.

பாடம், பணவீக்கம். கடைக்கார அண்ணாச்சி காய் விலையை ஏற்றவில்லை, ஆனால் கொசுறாகப் போடுகிற கருவேப்பிலையை நிறுத்திவிட்டார், இது விலையேற்றமா இல்லையா என்று கேட்டுவிட்டாள். பிள்ளைகள் ரெண்டு கட்சியாகப் பிரிந்து கத்துகிறார்கள். கருவேப்பிலைக்கு விலையே கிடையாதே என்று ஒரு கட்சி. அப்போ இனிமே அதைக் காசு கொடுத்து வாங்கினால் அந்தக் காசு எந்தக் கணக்கு என்று இன்னொரு கட்சி. சந்தைக்கடை தோற்றது.

"விலையேத்தம்தான்! அதுல என்ன சந்தேகம்?" என்று வாசலில் இருந்து ஒரு சத்தம்.

பார்த்தால் தலைமையாசிரியர் சீனிராஜ். என்னை நலம் விசாரிக்க வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என் வகுப்பு வழியாக எத்தனையோ தடவை ரவுண்ட்ஸ் போயிருக்கிறார். ஒரு நாளும் நின்றதில்லை.

பிள்ளைகளை அனுப்பிவிட்டு அவள் காபி போட உள்ளே போனாள். சீனிராஜ் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "தவசிலிங்கம், நிர்வாகத்துக்கிட்ட பேசிட்டேன். பரீட்சை வரைக்கும் தொகுப்பூதியத்துல ஒரு ஆளைப் போட்டுக்கலாம்னுட்டாங்க. ஆளைத் தேடி அலையறேன், இங்க வீட்டுக்குள்ளயே இருக்காங்க. மேடத்தை அனுப்புங்களேன். அவங்களுக்குச் சம்மதமா?"

உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது. நான் சிலேட்டில் எழுதினேன்: "அவளுக்கு விருப்பமில்லை. வீட்டு வேலையே சரியாக இருக்கிறது."

"அப்படியா? அடடா" என்றார். அவள் காபியோடு வருவதற்குள் அழித்துவிட்டேன்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. முப்பது பேரை, ஒரு நாள் முழுக்க, அவளால் சமாளிக்க முடியாது. நாளைக்கு அவமானப்பட்டு வந்து நின்றால் நான்தானே பார்க்க வேண்டும்? அவள் நல்லதுக்குத்தான்.

ஜனவரி 21, புதன்

தூக்கம் சரியில்லை. மாத்திரை சூடாக இருக்கும்.

ஜனவரி 23, வெள்ளி

காலையில் நீலநிறக் காட்டன் புடவையை இஸ்திரி போட்டுக் கட்டில்மேல் வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை. எம்.ஏ. சான்றிதழ். ஆமாம், எம்.ஏ. பொருளியல். மகன் எட்டாவது படிக்கும்போது அஞ்சல் வழியில் எழுதினாள். என் புத்தகங்கள் சும்மாதானே கிடக்கின்றன என்று எழுதினாள். பொழுதுபோக்குக்கு எழுதியது, அதை ஒரு படிப்பு என்று சொல்ல முடியுமா? அதனால்தான் இதுவரை இங்கே குறிப்பிடவில்லை. முதல் வகுப்பு. என்னுடையது இரண்டாம் வகுப்பு. எங்கள் காலத்தில் திருத்துவது கடுமை.

"ஏங்க, அன்னைக்கு நான் காபி போடப் போனப்ப சீனிராஜ் சார் ஏதும் கேட்டாரா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"நின்னு கேட்டுக்கிட்டு இருந்தாரேன்னு பாத்தேன். ஸ்கூல்ல ஆள் இல்லன்னு காளீஸ்வரி சொன்னா. கூப்பிட்டா போகலாம்னு..." என்று இழுத்தாள். "சரி விடுங்க. எனக்கு யாரு குடுப்பா?"

புடவையை மடித்துப் பீரோவுக்குள் வைத்தாள். சான்றிதழை அதற்கு அடியில் வைத்தாள்.

மூன்று வாரமாகப் பேசவில்லை. ஆனால் தலையாட்டி ஒரு பொய் சொல்ல முடிகிறது. அதற்குத் தொண்டை தேவையில்லை.

ஜனவரி 28, புதன்

சீனிராஜ் மறுபடி வந்தார். ரிவிஷன் தேர்வில் சாயங்காலம் இங்கே வருகிற பிள்ளைகள் மட்டும் நன்றாக எழுதியிருக்கிறார்களாம். மற்றவர்கள் பேப்பரில் வெள்ளைதான் அதிகமாம். வேறு ஆளும் கிடைக்கவில்லையாம். நேராக அவளைப் பார்த்தே பேசினார்.

"மேடம், இன்னொரு தடவை யோசிச்சுப் பாருங்களேன்."

"இன்னொரு தடவையா? என்ன சார்?"

"அதான், ஸ்கூலுக்கு வர்ற விஷயம். போன தடவையே சார்கிட்ட கேட்டேனே. உங்களுக்கு விருப்பமில்லன்னு எழுதிக் காட்டுனாரே."

செண்பகம் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். தெரிந்த ஒருவரை ரோட்டில் பார்த்து, இது அவர்தானா என்று யோசிக்கிற மாதிரி பார்த்தாள். அப்புறம் சீனிராஜ் பக்கம் திரும்பினாள்.

"ஆமா சார். நாந்தான் வேணாம்னு சொன்னேன். வீட்டு வேலையே சரியா இருக்கு."

நான் எழுதிய அதே வார்த்தை. அவள் அந்தச் சிலேட்டைப் பார்க்கவே இல்லை.

சீனிராஜ் உச்சுக்கொட்டிவிட்டுக் கிளம்பினார். வாசல்வரை போய் அனுப்பிவைத்தேன். டாக்டர் பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். சிலேட்டும் உள்ளே இருந்தது. அதனால் நான் எதுவும் சொல்லவில்லை.

ஜனவரி 29, வியாழன்

சோறு போட்டாள். பேசவில்லை. இப்போது வீட்டில் ரெண்டு ஊமை.

ஜனவரி 30, வெள்ளி

பிள்ளைகள் வந்தார்கள். "இனிமே சாரே பாத்துக்குவார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பழைய பலகையைத் துடைத்து மாட்டி, நோட்ஸை எழுதிப்போட்டேன். இதற்குத்தானே இத்தனை நாள் ஆசைப்பட்டேன். பிள்ளைகள் சத்தமில்லாமல் எழுதினார்கள். யாரும் 'ஆ' என்று சொல்லவில்லை. காளீஸ்வரி தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுக்களை வாசலில் போய் நின்று "டீச்சர்" என்றாள். உள்ளே மிக்ஸி ஓடியது. அரைக்க ஒன்றும் இல்லாத நேரத்தில் மிக்ஸி ஓடியது.

பிப்ரவரி 2, திங்கள்

மூன்று பேர்தான் வந்தார்கள்.

சாப்பிட்டபின் சிலேட்டில் "கோபமா?" என்று எழுதி அவள் முன்னால் வைத்தேன். படித்தாள். ஈரத்துணியால் துடைத்து, ஆணியில் மாட்டினாள்.

அப்புறம் பேசினாள். சத்தம் போடவில்லை. "வெளியாள் முன்னாடி உங்களை நான் விட்டுக்குடுக்க மாட்டேன். அதுக்காக எனக்கு வலிக்கலன்னு நினைச்சுக்காதீங்க. அன்னைக்கு பி.எட். சீட்டு வந்தப்ப எங்கப்பா உங்களைக் கேட்டார். அவளுக்கே விருப்பமில்லை மாமான்னு நீங்கதான் சொன்னீங்க. நான் அடுத்த ரூம்ல இருந்தேன். மாமியாருக்கு முடியலையேன்னு அன்னைக்கு வாயை மூடிக்கிட்டேன். இன்னைக்கு யாருக்கு முடியல?"

எனக்கு அது நினைவில் இல்லை என்று எழுத நினைத்தேன். நினைவில் இருக்கிறது.

பிப்ரவரி 4, புதன்

மதுரை. டாக்டர் மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார். முடிச்சு கரைந்துவிட்டது. "பேரைச் சொல்லுங்க" என்றார். "தவசிலிங்கம்" என்றேன். யாரோ பக்கத்து அறையில் இருந்து சொன்ன மாதிரி வந்தது. ஆனால் வந்துவிட்டது! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. கத்தாமல் பேசச் சொல்லி, வேலையில் சேரலாம் என்று தகுதிச் சான்றும் எழுதிக் கொடுத்தார். இதைப் பள்ளியில் கொடுத்தால் நாளைக்கே சேர்ந்துவிடலாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நாளைய வகுப்பை எப்படித் தொடங்குவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். "பிள்ளைகளா, மல்லிப்பூ விலை ஏறினால் என்ன செய்வீர்கள்?" என்று ஆரம்பித்தேன். அது அவளுடையது. சரி, கருவேப்பிலை. அதுவும் அவளுடையது. காரியாபட்டி தாண்டும்வரை எனக்கென்று ஒன்றைத் தேடினேன். காற்புள்ளி, அரைப்புள்ளியோடு நோட்ஸ்தான் வந்தது.

ஒரு மாதமாக இதில் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். பொறாமை. பெண்டாட்டிமேல் பொறாமை. இதற்கு வேறு பெயர் கிடையாது. அவளுக்குப் பாடம் நடத்த வரக்கூடாது என்று நினைத்தேன். அவளுக்கு வந்துவிடும் என்று இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்திருக்கிறது.

பிப்ரவரி 5, வியாழன்

தகுதிச் சான்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சீனிராஜ் அறைக்குப் போனேன்.

"வாங்க வாங்க! பேச்சு வந்துருச்சா?"

"வந்துருச்சு சார். ஒரு விஷயம். என் வீட்டம்மாவுக்கு விருப்பம் இருக்கு. நான் அவளைக் கேட்கவே இல்ல. பொய் எழுதிக் காட்டுனேன்."

அவர் பேனாவை மூடிவைத்தார். "எதுக்குய்யா?"

"வயித்தெரிச்சல் சார்."

சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "இப்ப நீங்களே சேர்ற நிலைமையில இருக்கீங்களே" என்றார். எனக்கு ஈட்டிய விடுப்பு நிறையக் கிடக்கிறது, பரீட்சை முடியும்வரை எடுத்துக்கொள்கிறேன், அவளைப் போடுங்கள் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று ஓர் ஓரத்தில் ஆசையாக இருந்தது. "சரி, திங்கக்கிழமை வரச் சொல்லுங்க" என்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். நேற்று வந்ததிலிருந்து அவளிடம் வாய் திறக்கவில்லை; ஒரு மாதம் கழித்து இப்போதுதான் அவள் என் குரலைக் கேட்கிறாள். பூரித்துப்போவாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஓஹோ. அன்னைக்கு என்னைக் கேக்காம வேணாம்னீங்க. இன்னைக்கு என்னைக் கேக்காம சரின்னுட்டு வந்திருக்கீங்க. அப்படித்தானே?"

எனக்கு வாயடைத்துவிட்டது. இந்தத் தடவை டாக்டர் சொல்லி இல்லை.

"கேட்டா என்னவாம்? வாயிலிருந்து முத்து உதிர்ந்துருமா?" என்று சொல்லிக்கொண்டே அடுக்களைக்குள் போனாள். பாத்திரங்கள் ஒரு பத்து நிமிடம் அதிகமாகச் சத்தம் போட்டன. நான் வாசலில் போய் நின்றேன். "செண்பகம், நீ போறியா?" என்று கேட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் இந்த மாதிரி ஒரு கேள்வியை நான் கேட்டதாக நினைவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "எந்தப் பாடத்துல நிக்குது?"

பிப்ரவரி 9, திங்கள்

ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். நீலநிறப் புடவை. வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் வேகத்தடை வரும்போது தோளைப் பிடித்துக்கொண்டாள். என்மேல் கோபம் போய்விட்டதா என்று தெரியவில்லை. எனக்கும் பொறாமை போய்விட்டது என்று எழுதலாம், டைரிதானே, யார் பார்க்கப்போகிறார்கள்? போகவில்லை. கேட்டுக்குள் அவள் நடந்து போகும்போது பிள்ளைகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டதைப் பார்த்து வயிறு பற்றி எரிந்தது.

வண்டியைத் திருப்பும்போது காளீஸ்வரி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"சார்! தொண்டை சரியாயிருச்சா சார்? எப்ப சார் ஸ்கூலுக்கு வருவீங்க?"

எனக்கு ஜிவ்வென்று ஏறியது. ஒரு பிள்ளையாவது கேட்கிறதே! "சரியாயிருச்சும்மா" என்றேன். "ஏம்மா கேக்குற?"

அவள் தயங்கினாள். காலால் மண்ணைக் கிளறினாள். "இல்ல சார்... நீங்க வந்துட்டா டீச்சர் நின்னுருவாங்கள்ல. அதான்... எத்தனை நாளு இருப்பாங்கன்னு எல்லாரும் கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

தகுதிச் சான்று இன்னும் என் சட்டைப்பையில்தான் இருந்தது. உள்ளே போய் நீட்ட ரெண்டு நிமிடம் ஆகாது.

"பரீட்சை முடியுற வரைக்கும் டீச்சர்தான்" என்றேன்.

"நெசமாவா சார்?" என்றவள், போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல், துள்ளிக்கொண்டு வகுப்பைப் பார்த்து ஓடினாள். நான் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு ஒரு பிள்ளை அப்படிச் சந்தோஷப்பட்டது, என் சர்வீஸில் இதுதான் முதல் தடவை.